பங்களாவைப் பார்த்தோம், லயத்தைத் தேடினோம்: ஆம்ஸ்டர்டாமில் நான்கு நாட்கள்

ஹப்புத்தளையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு நடை தூரத்தில் அடிஷம் பங்களா இருக்கிறது. 1931இல் ஓர் ஆங்கிலேயக் கனவான் கட்டிய கல்மாளிகை அது. இப்போது துறவிகளின் மடம். பார்க்க வருகிறவர்களுக்கு வரவேற்பறையையும் நூலகத்தையும் காட்டுவார்கள். அவர்களும் ரோஜாக்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பழப்பாகுப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள். அவர்களுடைய வாகனங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைக் கடந்துதான் போகின்றன. எதுவும் அங்கே நின்று நான் கண்டதில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, முப்பது ஆண்டுகள் பாடசாலையில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், எந்தப் பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாலும் சமையலறை எங்கே, தண்ணீர் சுமந்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்பது எனக்குப் பழகிவிட்டது. 2024 ஒக்டோபரில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரின் பழைய இடங்களை நான்கு நாட்கள் சுற்றிப் பார்த்தபோதும் அதே கேள்வியோடுதான் போனேன். பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் மலையகப் பெற்றோர் இப்போது பெருகியிருப்பதால், எது காசுக்குத் தகும், எது தகாது என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

என் மகள் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பயிரியல் முதுகலை படிக்கிறாள். புலமைப்பரிசில் பணத்தில் மிச்சம் பிடித்து அவள்தான் என்னை அழைத்தாள். அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய 320 ரூபாய். ரைக்ஸ் நூதனசாலையின் நுழைவுச்சீட்டு அன்று 22.50 யூரோ, அதாவது 7,200 ரூபாய். எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் அன்றைய அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று கணக்கிட்டால், அந்த ஒரு சீட்டே ஐந்து நாள் பெரட்டுக்கு, அதாவது ஐந்து நாள் வேலைக்கு, மேல் போனது. வாசலுக்கு வாசல் இந்தக் கணக்கை நான் போடப் போட, "அம்மா, கொஞ்சம் கணக்கை விட்டுட்டுப் பாருங்க" என்று மகள் சலித்துக்கொண்டாள். விட முடியவில்லை.

முதல் நாள் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய புகையிரத நிலையத்துக்கு எதிரே, கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகு ஒன்றில் ஏறக்குறைய 20 யூரோ கொடுத்து ஏறினோம். வெளியே மழைத்தூறல், உள்ளே நூறு பேரின் மூச்சு. பத்து நிமிடத்தில் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துத்தான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பதிவு பல மொழிகளில் ஓடியது. தமிழ் இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. அந்தக் குரல் படகோடு சேர்ந்து வராததுதான் குறை. நாங்கள் கடந்துவிட்ட வீட்டைப் பற்றி அது விவரித்துக்கொண்டிருக்கும்போது கண் முன்னே வேறொரு வீடு நிற்கும். எந்த நிறுவனத்தின் படகு என்று சொல்லப்போவதில்லை. அந்தத் துறையிலிருந்து புறப்படும் பெரிய படகுகள் எல்லாமே வெளிப்பார்வைக்கு ஒன்று போலத்தான் இருந்தன.

மூன்றாம் நாள் பன்னிரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத சிறிய மின்படகில் போனோம். கட்டணம் சற்றுக் கூட. படகை ஓட்டிய பெண்மணியே திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசினார். மழை வந்தால் நனையத்தான் வேண்டும். ஹப்புத்தளைக் காற்றிலும் பனிமூட்டத்திலும் வளர்ந்தவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. வழக்கமான ஸ்வெட்டரும் தலையில் சுற்றிய சால்வையும் போதுமாயிருந்தன. கூட வந்த வெயில் நாட்டுக்காரர்கள்தான் நடுங்கினார்கள்.

கால்வாய்களை நீரில் இருந்தபடிதான் பார்க்க வேண்டும் என்பதை அந்தச் சிறு படகில்தான் உணர்ந்தேன். ஹெரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட், அதாவது கனவான்கள் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய் ஆகிய மூன்றையும் 1613 முதல் பழைய நகரைச் சுற்றி வளையமாகத் தோண்டத் தொடங்கினார்கள். 2010இல் யுனெஸ்கோ அந்த வளையத்தை உலக மரபுரிமையாக அறிவித்தது. வீடுகள் ஒடுக்கமாகவும் உயரமாகவும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. முகடுகள் சில படிக்கட்டைப் போலவும், சில நீண்ட கழுத்தைப் போலவும், சில கவிழ்த்த மணியைப் போலவும் இருக்கின்றன. ஒவ்வொரு முகட்டின் உச்சியிலும் ஓர் உத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் நுனியில் கொக்கி. வீட்டின் மேல்தட்டுகளே பண்டசாலையாக இருந்தன. படிக்கட்டுகளோ ஏணியைப் போலக் குறுகியவை. ஆகவே மூட்டைகளைக் கயிற்றில் கட்டி வெளியிலிருந்தே மேலே இழுத்தார்கள். இழுக்கும்போது மூட்டை சுவரில் உரசக் கூடாது என்பதால் முகப்பையே சற்று முன்சாய்வாகக் கட்டியிருக்கிறார்கள். மகள் இதைக் கேட்டதும் நம் பழைய தேயிலைத் தொழிற்சாலையை நினைத்தாள். பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்காக மேல்மாடிகளுக்கு ஏற்றும் அந்த நாலுதட்டுக் கட்டடங்களும் பண்டத்துக்காகவே உயர்ந்தவைதாம். அவற்றில் குடும்பம் குடியிருக்கவில்லை, இவற்றில் இருந்தது. கறுவாவும் மிளகும் மேலே அடுக்கியிருக்க, கீழே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

இரண்டு படகுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வீட்டை வைத்துச் சொல்லிவிடலாம். ஹெரன்கிராக்ட் 502ஆம் இலக்கம் நகர மேயரின் உத்தியோக வாசஸ்தலம். பெரிய படகின் ஒலிப்பதிவு அவ்வளவோடு நிறுத்திக்கொண்டது. சிறு படகின் பெண்மணி அங்கே வேகத்தைக் குறைத்து, அந்த வீட்டை 17ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த பவுலஸ் கோடின் அடிமை வணிகத்தில் பங்குகொண்டவர் என்றும், அதைக் கூறும் கல் ஒன்று 2006இல் வாசலில் பதிக்கப்பட்டது என்றும், 2023 ஜூலை 1ஆம் திகதி நெதர்லாந்து மன்னர் விலெம் அலெக்சாண்டர் இதே நகரில் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார் என்றும் சொன்னார். கொழும்பில் நாம் கொம்பனித்தெரு என்று அழைக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' என்றே பெயர் இருந்ததையும், ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது என்பதையும் மகள் அவருக்கு எடுத்துச் சொன்னாள். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார்.

டாம் சதுக்கத்தில் உள்ள அரச மாளிகை மாளிகையாகக் கட்டப்பட்டதன்று. யாக்கோப் வான் காம்பனின் வரைபடத்தின்படி 1648இல் தொடங்கி 1655இல் திறக்கப்பட்ட நகரசபை மண்டபம் அது; நெப்போலியனின் தம்பி லூயி 1808இல் அதைத் தன் அரண்மனையாக்கிக்கொண்டான். அந்தக் கற்குன்று முழுவதும் சதுப்பு மண்ணில் இறக்கப்பட்ட 13,659 மரக்கம்பங்களின் மேல் நிற்கிறது. நகரத்தின் பழைய வீடுகள் எல்லாமே இப்படித்தான்: மேலே இருக்கும் இளகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு, ஏறக்குறைய 12 மீற்றர் ஆழத்தில் உள்ள மணல் படுகையில் கம்பங்கள் ஊன்றி நிற்கின்றன. நீரில் மூழ்கியிருக்கும் வரை மரம் உக்காது. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் பூஞ்சணம் பிடித்து உக்கிவிடும். அதனால் கால்வாயின் நீர்மட்டத்தைக் காப்பதும் வீட்டைக் காப்பதும் அங்கே ஒரே வேலை.

மாளிகையின் நடுவில் இருக்கும் குடிமக்கள் மண்டபம் நான் பார்த்த அறைகளுள் மிக ஆணவமானது. தரைப் பளிங்கில் பூமியின் இரண்டு அரைக்கோளங்களையும் வான்மண்டலம் ஒன்றையும் பதித்திருக்கிறார்கள். சுவரின் உயரத்தில் அட்லஸ் வானக் கோளத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறான். கடலோடி வணிகர்கள் உலகத்தையே தம் காலடியில் விரித்துக்கொண்டு அதன் மேல் நடந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம் தீவைத் தேடிக் குனிந்தேன். இந்து சமுத்திரத்தின் மேல் சுற்றுலாக் குழு ஒன்று அசையாமல் நின்றுகொண்டு கைப்பேசியில் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தது. அரச விழாக்கள் நடக்கும் நாட்களில் மாளிகையை மூடிவிடுவார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு நாட்களில் எனக்கு மிகவும் பிடித்தது கெய்சர்ஸ்கிராக்ட் 672ஆம் இலக்கத்து வான் லோன் இல்லம். ரைக்ஸ் நூதனசாலையைக் காட்டிலும் கட்டணம் குறைவு, கூட்டமும் இல்லை. கட்டடக்கலைஞர் ஆத்ரியான் டோர்ட்ஸ்மன் 1672இல் கட்டிய வீடு. முதலில் அங்கே குடியிருந்தவர் ரெம்பிராண்டின் மாணவரான ஓவியர் பெர்டினான்ட் போல். 1884இல் வான் லோன் குடும்பம் அதை வாங்கியது. அந்தக் குடும்பத்தின் மூதாதையான விலெம் வான் லோன் 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். கரும்பலகையில் எத்தனையோ வருடங்கள் நான் எழுதிய '1602' என்ற எண்ணுக்கு ஒரு வீட்டு வாசலும், ஒரு கதவும், சுவர் நிறையக் குடும்பப் படங்களும் உண்டு என்பதை அங்கேதான் கண்டேன்.

படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடி வேலைப்பாட்டுக்குள், இடையில் இந்த வீட்டில் வாழ்ந்த வான் ஹாகன், டிரிப் என்ற தம்பதியரின் பெயர் எழுத்துகளை நெளித்துச் சேர்த்திருக்கிறார்கள். முதற்பார்வைக்கு அது வெறும் கொடிப்பின்னல். மகள்தான் எழுத்துகளைக் கண்டுபிடித்தாள். அறைகள் பெரியவைதான், ஆனாலும் வீடாகவே இருக்கின்றன: திரைச்சீலையின் நிறம் வெளுத்திருக்கிறது, நாற்காலிகளில் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன சாயல் தெரிகிறது. பின்புறம் வெட்டி ஒழுங்கு செய்த தோட்டமும், அதற்கப்பால் கோவில் போன்ற முகப்புடன் குதிரைவண்டிக் கொட்டகையும் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் தோட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள், அங்கேதான் சமையலறை இருக்கிறது.

அந்தச் சமையலறையில் நான் அதிக நேரம் நின்றேன். வெளிச்சம் குறைவு, கூரை தாழ்வு, அடுப்பும் செம்புப் பாத்திரங்களும் கழுவுதொட்டியும் ஒழுங்காக இருந்தன. மேல்தட்டில் சாப்பிட்டவர்களின் முகங்கள் தைல வண்ணத்தில் பெயரோடும் பிறந்த ஆண்டோடும் தொங்குகின்றன. இங்கே பாத்திரம் கழுவியவர்களுக்கு அப்படியொரு சட்டம் போட்ட படம் கிடையாது. ஆனாலும் அவர்கள் நின்ற இடத்தையாவது பார்க்கவிட்டிருக்கிறார்களே என்று தோன்றியது. என் பாட்டி ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். அந்தப் பங்களா இப்போது உல்லாச விடுதி. அதன் முன்கூடத்தில் துரைமாரின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. பாட்டி நின்ற பின்கட்டை இடித்து அங்கே நீராவிக் குளியலறை கட்டிவிட்டார்கள். இந்த ஒப்பீடு என் மதிப்பீட்டை ஒருபக்கமாகச் சாய்த்திருக்கலாம், சாய்த்திருந்தால் சாய்க்கட்டும்.

'மாடியில் எங்கள் ஆண்டவர்' என்று பொருள்படும் பெயருடைய நூதனசாலைக்குப் போகும் வழியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது சிவப்பு விளக்குப் பகுதிக்குள் இருக்கிறது. தாயும் மகளும் சேர்ந்து நடக்கையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கூரைகளின் அழகை மிகுந்த கவனத்துடன் ரசித்துக்கொண்டே போனோம். காலையில் போனால் தெரு வெறிச்சோடியிருக்கும். உள்ளே நுழைந்த பிறகு அந்தச் சங்கடம் மறந்துவிடுகிறது. 1578இல் நகர ஆட்சி புரட்டஸ்தாந்தர் கைக்கு மாறியபின் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடத் தடை வந்தது. 1661இல் இந்த வீட்டை வாங்கிய யான் ஹார்ட்மன் என்ற வணிகர், பின்னாலுள்ள இரண்டு சிறு வீடுகளையும் சேர்த்து மூன்றின் மேல்தட்டுகளையும் இணைத்து, 1663இல் அங்கே ஒரு முழுத் தேவாலயத்தையே அமைத்துவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. உள்ளே ஒடுக்கமான படிகளில் ஏறி ஏறி, ஒரு படுக்கையறையையும் அலுமாரி போன்ற கட்டிலையும் கடந்து, திடீரென்று பலிபீடமும் மாடங்களும் ஓர்கனும் கொண்ட தேவாலயத்தில் போய் நிற்கிறோம். இடம் போதாததால் பிரசங்க மேடையைப் பலிபீடத்தின் தூணுக்குள் மடித்து வைக்கும்படி செய்திருக்கிறார்கள். சுவரின் மங்கிய ஊதாச் சிவப்பு நிறம் பழைய நிறத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பூசியது. தேவாலயம் இருப்பது ஆட்சியாளருக்குத் தெரியும். தெருவிலிருந்து தேவாலயமாகத் தெரியாதவரை அவர்கள் பார்த்தும் பாராதவராக இருந்தார்கள்.

அங்குள்ள விளக்கப் பலகைகள் இதை ஒல்லாந்தரின் சகிப்புத்தன்மைக்குச் சான்றாகச் சொல்கின்றன. எனக்குக் கண்டி நினைவுக்கு வந்தது. அதே நூற்றாண்டில், அதே ஒல்லாந்தரின் கம்பனி ஆண்ட யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லை. யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் கோலத்தில் வந்து இறங்கி, ஒளிந்து ஒளிந்து பூசை செய்து, கடைசியில் பௌத்த அரசனின் கண்டி இராச்சியத்துக்குள் போய்த்தான் வெளிப்படையாக வாழ முடிந்தது. முதலில் அங்கேயும் அவரை உளவாளி என்று சிறையில் வைத்தார்கள் என்பது வேறு கதை. 1711இல் கண்டியிலேயே இறந்த அவரை 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார். ஆம்ஸ்டர்டாமின் மாடித் தேவாலயம் பார்க்கவேண்டிய இடம்தான், நான் தயங்காமல் இரண்டாம் இடம் கொடுப்பேன். ஆனால் அந்தச் சகிப்புத்தன்மை கப்பலில் ஏறவில்லை என்பதையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

பிரின்சன்கிராக்ட் 263, ஆன் பிராங்க் இல்லத்தைப் பற்றி 'தரமதிப்பீடு' என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூச்சமாக இருக்கிறது. பயன்படும் விவரங்களை மட்டும் முதலில் சொல்கிறேன். நாங்கள் போனபோது சீட்டு 16 யூரோ. இல்லத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டுமே கிடைக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரம் தள்ளிய நாட்களுக்கு விடுவார்கள், அன்றே விற்றுத் தீர்ந்துவிடும். விசா கையில் கிடைக்குமுன்பே நாளைக் குறித்துச் சீட்டு வாங்கத் துணிய வேண்டும் என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதல் சிரமம். அவசரத்தில் வேறோர் இணையத்தளத்தில் இரட்டை விலைக்கு வாங்கப்போன என்னை மகள்தான் தடுத்தாள். உள்ளே படம் எடுக்க முடியாது. படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

1942 ஜூலை முதல், பிடிபட்ட 1944 ஆகஸ்ட் 4 வரை, நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் உட்பட எட்டு யூதர்கள் நாசிகளுக்கு அஞ்சி அந்த வீட்டின் பின்கட்டில், புத்தக அலுமாரியால் மறைத்த கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பி வந்தவர் ஆனின் தந்தை ஓட்டோ பிராங்க் ஒருவர்தான். அவர் விருப்பப்படி அறைகளில் தளபாடங்கள் எதுவும் திரும்ப வைக்கப்படவில்லை. வெறும் அறை, மூடிய ஜன்னல், சுவரில் பிள்ளை ஒட்டிய படங்கள், வளர வளரப் பெற்றோர் கீறி வைத்த உயரக் கோடுகள். 1983 ஜூலையில் பதுளைப் பக்கம் கடைகள் எரிந்தபோது, எங்கள் அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் விறகு அறையில் இரண்டு இரவு வைத்திருந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. இருமல் வந்த தம்பியின் வாயை அம்மா சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு இரவை இரண்டு ஆண்டோடு சேர்த்துப் பேசுவது முறையன்று என்று எனக்குத் தெரியும். உயரக் கோடுகளைப் பார்த்தபின் மகளிடம் அதை முதன்முறையாக முழுவதும் சொன்னேன், வெளியே கால்வாய் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து. பக்கத்தில் வெஸ்டர்கெர்க் தேவாலயத்தின் மணி அடித்தது. ரெம்பிராண்ட் 1669இல் அடையாளக் கல் ஏதுமின்றி அடக்கம் செய்யப்பட்டது அந்தத் தேவாலயத்தில்தான். அதற்குள் போக அன்று மனம் வரவில்லை.

ரைக்ஸ் நூதனசாலைக்கு ஒரு நாள் போதாது, எங்களிடமோ மூன்று மணி நேரம்தான் இருந்தது. ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' ஓவியத்தின் முன் எல்லாரும் நிற்கிறார்கள், நாங்களும் நின்றோம். 1715இல் அதை நகரசபை மண்டபத்துக்கு, அதாவது முன்சொன்ன அரச மாளிகைக்கு, மாற்றியபோது சுவரில் கொள்ளவில்லை என்று ஓரங்களை வெட்டிவிட்டார்கள் என்பது என்னை ஓவியத்தை விட அதிகம் வியக்க வைத்தது. நான் தேடிப் போனது அதை அல்ல. லெவ்கே திசாவை என்ற கண்டிப் பிரதானி தன் மன்னனுக்குக் காணிக்கையாக்கிய பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது, 1765இல் ஒல்லாந்தப் படை கண்டிக்குள் புகுந்து கொள்ளையிட்டபோது எடுத்துச் செல்லப்பட்டு, இந்த நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தது. 2023இல் மற்ற ஐந்து பொருட்களோடு அதை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைக் கொழும்பு நூதனசாலையில் முன்பே பார்த்துவிட்டேன். அது இருந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. காவலில் நின்ற இளைஞரிடம் மகள் விசாரித்தபோது, "அது தன் வீட்டுக்குப் போய்விட்டது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். 7,200 ரூபாய் கொடுத்து, இல்லாத ஒன்றைப் பார்த்துத் திருப்திப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கம்பனியின் தலைமையகமாக இருந்த கிழக்கிந்திய இல்லத்தில் இப்போது பல்கலைக்கழகம் இயங்குகிறது; முற்றம் வரை போய்வரக் காசு வேண்டாம். காலி, கொழும்பு, யாழ்ப்பாணக் கோட்டைகளுக்கெல்லாம் ஆணை பிறந்த இடத்தில் மாணவர்கள் சுவரில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருக்களில் என்னை மகிழ்வித்தது வேறொன்று. கதவுகளில் பதித்த பித்தளைத் தகடுகளில் 'கந்தோர்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தேன். தபால் கந்தோர் என்று என் தாத்தா சொன்னதும், நாம் மேசை லாச்சி என்பதும், துட்டு என்பதும், கோப்பி என்பதும் இந்த மொழியிலிருந்து வந்தவை. கக்கூசும் அப்படித்தான். பொதுக் கழிப்பிடத்தில் காசு வாங்கியபோது, சொல்லையும் கொடுத்து அதற்கு வாடகையும் கேட்கிறார்களே என்று மகளிடம் முறையிட்டேன். சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும்.

பெகைன்கோஃப் என்ற பழைய முற்றத்துக்கும் காசில்லை. நகரத்தில் எஞ்சிய மிகச் சில மரவீடுகளுள் ஒன்று அங்கே இருக்கிறது. பதினைந்து நிமிடம் போதும். நகரின் வேறோர் இடத்தில், 1306இல் அர்ச்சிக்கப்பட்ட 'பழைய தேவாலயத்தின்' தரை முழுவதும் கல்லறைக் கற்கள். கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. சாப்பாட்டுக்கு, இந்தோனேசிய உணவகங்களில் சோற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கறிகளைச் சிறு கிண்ணங்களில் வைத்துத் தருகிறார்கள். சம்பலும் உண்டு, பெயரும் அதே 'சம்பல்'. விலை அதிகம், இருவர் ஒன்றைப் பகிரலாம். சைக்கிள் பாதையில் மட்டும் தவறியும் நிற்காதீர்கள். மலைப்பாதையில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவது போல, மணிச்சத்தம் கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும்.

கடைசி நாள் மாலை, புகையிரதத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தபோது, நகரசபையும் இசைநாடக அரங்கும் சேர்ந்த கட்டடத்துக்குள் மகள் அழைத்துப் போனாள். இலவசம். அங்கே கண்ணாடித் தூண்களுக்குள் தண்ணீர் ஏறி இறங்குகிறது: இரண்டு தூண்கள் கடற்கரையின் இரண்டு இடங்களில் அந்த நேரத்துக் கடல்மட்டத்தைக் காட்டுகின்றன, மூன்றாவது தலைக்கு மேல் 4.55 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. 1953இல் கடல் உடைத்துக்கொண்டு உள்ளே வந்து 1,836 பேரைக் கொன்ற இரவில், சீரிக்சே என்ற ஊரில் தண்ணீர் நின்ற மட்டம் அது. படியில் கீழே இறங்கினால் ஒரு கம்பத்தின் தலையில் வெண்கல ஆணி. நாட்டின் உயரங்கள் எல்லாம் எந்த மட்டத்திலிருந்து அளக்கப்படுகின்றனவோ, அந்தப் பூச்சியத்தைக் காட்டுவது அந்த ஆணி.

"அம்மா, நம்ம மலையில பட்டிப்பொல ஸ்டேஷன் பலகையில கடல்மட்டத்துக்கு மேல எத்தனை அடி?" என்று மகள் கேட்டாள்.

"6,226."

அவள் ஆணியில் விரலை வைத்து அண்ணாந்து பார்த்தாள். நான் அந்த மூன்றாவது தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மண்ணின் உயரத்தை இப்படி ஒரு தூணில் நிறுத்தி, வருகிற பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கவைக்க என்ன செலவாகும் என்று, வழக்கம்போலக் கணக்குப் போடத் தொடங்கினேன். அதற்குள் ஒரு பாடசாலைக் குழு உள்ளே வந்தது. ஆசிரியை கையை உயர்த்தித் தூணைக் காட்டி ஏதோ சொல்ல, சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கினார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. புகையிரதத்துக்கு நேரமாகிறது என்று மகள் கையைப் பிடித்து இழுத்தும், பாடம் முடியும்வரை பின்வரிசையில் நின்றேன்.